தலையில் கரண்ட் வைக்கலாமா? கரூர் வாசகருக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள். முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்று மாற்றினார்கள். இப்போது செர்ட்ரலின் 100 மில்லிகிராமும், ராத்திரிக்குக் குளோனசெபமும் போகிறது. வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள், ஆனால் முகத்தில் களை இல்லை. மருத்துவர், 'டி.டி.சி.எஸ். என்று தலையில் லேசாகக் கரண்ட் கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது, 20 சிட்டிங் எடுத்துப் பாருங்கள்' என்கிறார். என் அம்மா, 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைக்கிற ஷாக்கை என் மருமகளுக்கு வைக்க விடமாட்டேன்' என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், 'அந்த மெஷினை நானே வாங்கி அனுப்புகிறேன், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்' என்கிறான். நீட் தேர்வுக்கு இரண்டாவது தடவை தயாராகும் மகன், 'மெஷின் வந்தால் நானும் வைத்துக்கொள்கிறேன், படிப்பு நன்றாக ஏறுமாம்' என்கிறான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனநோய் கிடையாது. மனைவிக்கும், மகன் பிறந்த மூன்றாவது மாதத்தில் ஒரு பத்து நாள் தூங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு, நகையை அடகு வைத்து நாற்பது புடவை வாங்கிவந்து வியாபாரம் செய்யப்போகிறேன் என்று நின்றாள். அது தானாகச் சரியாகிவிட்டது. மற்றபடி ஒன்றும் இல்லை. இந்தச் சிகிச்சை ஆபத்தா? பலன் இருக்குமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'மற்றபடி ஒன்றும் இல்லை' என்று முடித்திருக்கிறீர்களே, அதற்கு முந்தைய வரியை நான் மூன்று முறை படித்தேன். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்குத் தூக்கம் இருக்காதுதான். ஆனால் தூக்கம் கிடைக்காத தாய் துவண்டுபோவாள், உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். பத்து நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, பேச்சு நிற்காமல் ஓடுவது, அடகுக் கடைக்குப் போவது, நாற்பது புடவை வாங்குவது, இதெல்லாம் வேறு கணக்கு. மனம் மேலே ஏறிய காலமாக அது இருக்கலாம். அதை நாங்கள் மேனியா என்போம், கொஞ்சம் மட்டாக இருந்தால் ஹைப்போமேனியா என்போம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் அது தலைகாட்டக்கூடிய காலம்.

உங்கள் மனைவிக்கு பைபோலார் என்னும் இருமுனை மனநிலைக் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயரை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தச் சந்தேகம் தீராமல் அவர் தலையில் எந்தக் கருவியையும் வைக்கக் கூடாது. பைபோலார் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு மனம் ஒரேயடியாக மறுபக்கம் ஏறிவிடும். இந்தக் கரண்ட் சிகிச்சையிலும் அது நடந்திருக்கிறது. பிரேசிலில் 245 பேரை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கரண்ட் எடுத்துக்கொண்டவர்களில் இரண்டு பேருக்குப் புதிதாக மேனியா வந்தது. இரண்டு வருடமாக உங்கள் மனைவிக்கு மருந்து சரியாகக் கேட்காததற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம். பைபோலார் மனச்சோர்வுக்கு மருந்தே வேறு.

இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் வேறு வழியில் யோசித்திருப்பார். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 'முன்பு எப்போதாவது அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்தீர்களா?' என்று நாங்கள் கேட்கும்போது, சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு காலம் இருந்ததே நினைவுக்கு வராது. கணவர் வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் அறையிலேயே இது நடந்திருக்கிறது. ஒருவரை மூன்று முறை பார்த்து மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து எழுதினேன். நான்காவது முறை அவர் மனைவி கூட வந்து, பேச்சுவாக்கில், 'ஆறு வருஷத்துக்கு முன்னாடி யாரையும் கேட்காமல் ஒரே வாரத்தில் ரெண்டு லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்தார்' என்றார். அன்றைக்கே சிகிச்சையை மாற்றினேன். அதுமுதல், வீட்டில் ஒருவரையாவது உள்ளே கூப்பிட்டுக் கேட்காமல் நான் எந்தச் சிகிச்சையும் தொடங்குவதில்லை.

விசாரித்து, ஒருவேளை அது பைபோலார்தான் என்று தெரிந்தாலும் கதவு மூடிவிடாது. மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பைபோலார் நோயாளிகள் 59 பேருக்கு, அவர்கள் சோர்வாக இருந்த காலத்தில், இதே கரண்ட் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்து 2018-இல் பிரேசில் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கரண்ட் கொடுப்பதுபோல் பாவனை மட்டும் செய்த போலிக் கரண்ட் பெற்றவர்களைவிட, உண்மைக் கரண்ட் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆக, முதலில் மருந்தால் அடித்தளம், பிறகு வேண்டுமானால் கரண்ட். இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது.

இனி அம்மாவின் பயம். அம்மா நினைப்பது இ.சி.டி. என்னும் மின்வலிப்புச் சிகிச்சை. அதை 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் முதன்முதலில் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். அதில் சுமார் 800 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சில நொடிகள் துடிப்புகளாகச் செலுத்தி, மூளையில் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குகிறோம். அந்த வலிப்புதான் அங்கே மருந்து. மயக்க மருந்து இல்லாத காலத்தில் அதைப் பார்த்தவர்கள் சொன்ன கதைகள் அம்மா காதுக்கு வந்திருக்கும். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். இன்றைக்கு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதை 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சாப்பாடு தண்ணீர் இறங்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்போடு படுத்துவிட்டவர்களை இ.சி.டி. மீட்டுக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமையில் மிக வேகமாகக் கைகொடுக்கும் சிகிச்சைகளில் அது ஒன்று. 'ஷாக்' என்று சொல்லி அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

உங்கள் மனைவிக்குச் சொல்லியிருப்பது அது இல்லை. டி.டி.சி.எஸ். என்பதில் போகும் மின்சாரம் 2 மில்லி ஆம்பியர். இ.சி.டி.யில் நானூறில் ஒரு பங்கு. மிக்ஸியிலும் டிவியிலும் மினுக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கு முழு வெளிச்சத்தில் எரிய சுமார் 20 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். பல கருவிகள் 9 வோல்ட் சதுர பேட்டரியிலேயே ஓடுகின்றன. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு கிடையாது, நினைவு தப்பாது. உட்கார்ந்து பேசிக்கொண்டே எடுத்துக்கொள்வது.

இத்தனை சின்ன கரண்ட் என்ன செய்துவிடும் என்று அடுத்து தோன்றும். நியாயமான சந்தேகம். அந்த 2 மில்லி ஆம்பியரிலும் பெரும்பகுதி தலைத்தோல் வழியாகவே வழிந்து போய்விடுகிறது, மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போவது கொஞ்சம்தான். மூளைச் செல்லைப் புதிதாகத் துடிக்கவைக்க அது போதாது. அடுப்பில் பால் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். தீயை ஒரு நூல் கூட்டினால் பால் கொஞ்சம் சீக்கிரம் பொங்கும். ஆறிப்போன பால் அந்த ஒரு நூலுக்குப் பொங்காது. இந்தக் கரண்ட் செய்வதும் அவ்வளவுதான். செல்களின் விழிப்பை ஒரு நூல் கூட்டும் அல்லது குறைக்கும். 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலுஸ் என்ற இருவர், கையை அசைக்கும் மூளைப் பகுதியில் இதை அளந்து காட்டியதிலிருந்துதான் இன்றைய ஆராய்ச்சிகள் கிளைத்தன. மனச்சோர்வில் இடது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி மந்தமாக இருப்பதாகக் கருதுவதால், விழிப்பைக் கூட்டும் நேர்மின் பட்டையை அங்கே வைக்கிறோம்.

கூட்டினால் கூடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதே கை அசைக்கும் பகுதியில் 1 மில்லி ஆம்பியரை 13 நிமிடம் கொடுத்தால் செல்களின் விழிப்பு கூடி, ஒரு மணி நேரம் அளவுக்கு நிற்கிறது. நேரத்தை இரட்டிப்பாக்கி 26 நிமிடம் கொடுத்தபோது விழிப்பு குறைந்துவிட்டது, தலைகீழாக. விழிப்பைக் குறைக்கும் எதிர்மின் பட்டையை 2 மில்லி ஆம்பியருக்கு உயர்த்தி 20 நிமிடம் வைத்தபோது, குறைவதற்குப் பதில் கூடியது. மச்சான் அனுப்பும் மெஷினைப் பற்றி பேசும்போது இந்த இரண்டு முடிவுகளையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஒரு சிட்டிங் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், மனைவியும் படிக்கட்டும். முதல் நாளே எங்கள் நர்ஸ் சொல்லி அனுப்புவது: தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுக் குளித்து, நன்றாகக் காயவைத்து வாருங்கள். தேங்காய் எண்ணெய் இருந்தால் கரண்ட் சீராக இறங்காது, ஏதோ ஒரு புள்ளியில் குவிந்துகொள்ளும், அந்த இடம் சுடும். நெற்றியில் குங்குமம், விபூதி இருந்தால் துடைத்துவிடுவோம். கொண்டை ஊசி, கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும். தோலில் புண், கொப்புளம், சொறி இருக்கிறதா என்று முடியை வகுந்து பார்ப்போம். பிறகு உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் குறைந்த இரண்டு ஸ்பாஞ்சுகளை சலைன் என்னும் உப்பு நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அதற்குள் ரப்பர் பட்டையை வைத்து, ஒன்றை இடது நெற்றிக்கு மேலே முடிக்குள்ளும், இன்னொன்றை வலது புறமும் வைத்துப் பட்டியால் கட்டுவோம். குழாய்த் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் தோல் புண்ணானதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள், அதனால்தான் சலைன்.

கருவியை ஆன் செய்தவுடன் 2 மில்லி ஆம்பியர் பாயாது. அரை நிமிடம் போல மெதுவாக ஏறும். அப்போது எறும்பு ஊர்வது மாதிரி, சிலருக்குக் கம்பளி பட்ட மாதிரி அரிக்கும். ஓரிரு நிமிடத்தில் பெரும்பாலோருக்கு அது மட்டுப்படும். பட்டை சட்டென்று நழுவினால் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது போலத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உடனே சொல்ல வேண்டும். 20 முதல் 30 நிமிடம். கழற்றும்போது ஸ்பாஞ்ச் இருந்த இடம் சிவந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். சிலருக்கு லேசான தலைவலி வரும். 'எரிகிறது' என்று சொன்னால் மட்டும் நான் ஒரு விநாடிகூட யோசிக்காமல் நிறுத்திவிடுவேன். அரிப்பு வேறு, எரிச்சல் வேறு.

ஆபத்தா என்ற கேள்விக்கு நேரான பதில்: முறையாகக் கொடுத்தால் மனநல மருத்துவத்தில் இருக்கும் பாதுகாப்பான சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. 2016-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அதுவரை பதிவான 33,200-க்கும் மேற்பட்ட சிட்டிங்குகளையும், திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட 1,000-க்கும் மேற்பட்டவர்களையும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 4 மில்லி ஆம்பியர், 40 நிமிடம் என்ற வரம்புக்குள் நின்ற வரையில், தீவிரமான பாதிப்போ நிரந்தரக் காயமோ ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் இருந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவர் கேள்வி கேட்டு, வடிகட்டி, உட்காரவைத்தவர்கள். மூளையில் கிளிப் போன்ற உலோகம் வைத்தவர்கள், காதுக்குள் கருவி பொருத்தியவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், மண்டையோட்டில் அறுவைசிகிச்சை ஆனவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போன்றவர்களைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுவார்கள் அல்லது தனியாக யோசித்து முடிவெடுப்பார்கள். அந்த வடிகட்டலைக் கழித்துவிட்டு 'பாதுகாப்பானது' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் விற்பவர்கள். அதுதான் எனக்குக் கவலை.

பாதுகாப்பு ஒரு கேள்வி, பலன் இன்னொரு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த நல்ல பதிலை இரண்டாவதற்கும் சேர்த்துப் படித்துவிடுகிறோம். பலனைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது.

முன்பு சொன்ன 2017-இன் பிரேசில் ஆய்வு, எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் கரண்டையும் போலிச் சிகிச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வாரம் பார்த்தது. மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் மாத்திரை எடுத்தவர்களுக்கு சராசரி 11.3 புள்ளி குறைந்தது, கரண்டுக்கு 9.0, போலிக்கு 5.8. அதாவது போலியைவிடக் கரண்ட் மேல். மாத்திரைக்கு ஈடு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. போலிக்கே 5.8 புள்ளி குறைந்திருப்பதையும் கவனியுங்கள். போலிச் சிகிச்சையில் அரை நிமிடம் கரண்டை ஏற்றி அரிப்பை உணரவைத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள், நோயாளிக்குத் தெரியாது. தினமும் ஒருவர் அன்பாகக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிப்பதற்கே ஒரு பலன் உண்டு.

2023-இல் ஜெர்மனியிலிருந்து வந்த முடிவு உங்களுக்கு இன்னும் முக்கியம். அங்கே எட்டு மருத்துவமனைகளில், 160 பேரை வைத்து, ஏற்கெனவே உங்கள் மனைவியைப் போல செர்ட்ரலின் வகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மேற்கொண்டு கரண்டைச் சேர்த்தார்கள். ஆறு வாரம், 24 சிட்டிங். உண்மைக் கரண்டுக்கும் போலிக் கரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நல்ல தரமான ஆய்வு அது. நான் அதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஏனென்றால் என் நோயாளிகள் சிலர் இதில் தேறியிருக்கிறார்கள். ஆனால் என் அறையில் தேறியவர்கள் கரண்டால்தான் தேறினார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆய்வுக்குத்தான் அது முடியும். ஆகவே இப்போது நான் சொல்வது இப்படி: இது ஒரு சின்ன துணைச் சிகிச்சை. சிலருக்குக் கைகொடுக்கும். மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற நோய்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். மனச்சிதைவு நோயில் காதில் ஓயாமல் கேட்கும் குரல்களுக்கு இதை 2012-இல் பிரான்சின் லியோன் நகரில் 30 பேருக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் இதில் பல வருடமாக வேலை நடக்கிறது. பின்னால் வந்த முடிவுகள் ஏற்ற இறக்கமாக இருக்கின்றன. ஃபைப்ரோமையால்ஜியா என்னும் உடல்வலிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் கை பழகுவதற்கும் பேச்சு திரும்புவதற்கும், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பயிற்சி இல்லாமல் கரண்ட் மட்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பால் சூடாக இருந்தால்தான் தீயைக் கூட்டுவதில் பொருள் இருக்கிறது. ஆட்டிசம் குழந்தைகளுக்கு இத்தனை சிட்டிங் என்று பேக்கேஜ் போட்டு விற்பதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெற்றோரின் தவிப்பை வைத்துப் பணம் பறிக்கும் அளவுக்கு இன்னும் ஆதாரம் சேரவில்லை. குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவே உள்ளே கூடுதலாக இறங்கும்.

டி.எம்.எஸ். என்ற பெயரும் காதில் விழுந்திருக்கும். அது இதன் உறவுக்காரச் சிகிச்சை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு கண்டது. பட்டை கிடையாது; தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருள் மூளைக்குள் மின்சாரத்தைத் தூண்டும். இது செல்லை உண்மையிலேயே துடிக்கவைக்கும், அதனால் மிக அரிதாக வலிப்பு வரலாம். மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வில் இதற்கான ஆதாரம் டி.டி.சி.எஸ்.ஸைவிடக் கனமானது; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. செலவு அதிகம், பெரிய ஊர்களுக்குப் போக வேண்டும். உங்கள் மனைவிக்கு பைபோலார் இல்லை என்று தெளிவானால், இரண்டில் எது என்று மருத்துவரிடம் பேசிப் பாருங்கள்.

இப்போது மச்சானின் மெஷின். அவருடைய அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கடல் கடந்து தவிக்கிறார். வீட்டில் வைத்துக்கொள்வது அடிப்படையிலேயே தவறு என்றும் சொல்ல மாட்டேன். 2024-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 174 பேர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள், ஆனால் வீடியோ அழைப்பில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வாரத்தில் பலன் தெரிந்தது. இன்னொன்று பிரேசிலில், 210 பேர், செயலியின் துணையோடு யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் வைத்துக்கொண்டார்கள். போலிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு ஆய்வுகளுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு, கண்காணிப்பு ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்த வட்டம் இருந்தது. ஆன்லைனில் வரவழைத்த கருவி. ஃபேன் காற்றில் ஸ்பாஞ்ச் காய்ந்துவிட்டது, அரிப்பு எரிச்சலாக மாறியது, 'பொறுத்துக்கொண்டால்தான் வேலை செய்யும்' என்று நினைத்து அரை மணி நேரம் பொறுத்திருக்கிறார். தழும்பு நின்றுவிட்டது. அதைவிட எனக்கு உறுத்தியது, கருவி வந்த தைரியத்தில் அவர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்ததுதான். தலையில் கருவியை வைக்கும் கையும், 'இன்றைக்கு எப்படித் தூங்கினீர்கள், பேச்சு கூடியிருக்கிறதா' என்று கேட்கும் வாயும் ஒரே அறையில் இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் அந்தப் பத்து நாளை நினைத்தால், உங்கள் வீட்டில் இது இன்னும் அவசியம். மச்சானிடம் மெஷினை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்தில் அவர் தங்கையின் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு ஏற்கட்டும்.

மகனுக்கு வருகிறேன். தம்பி இதைப் படித்தால் நல்லது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு ஆய்வாளர்கள், ஆரோக்கியமானவர்களுக்குப் புதிய எண் குறியீடுகளைச் சில நாட்கள் கற்றுக்கொடுத்தபடியே இந்தக் கரண்டைக் கொடுத்தார்கள். தலையின் பின்பகுதியில் வைத்தவர்கள் சீக்கிரம் கற்றார்கள். ஆனால் கற்றதைத் தன்னியல்பாக, யோசிக்காமல் எடுத்தாளும் திறன் அவர்களுக்குக் குறைந்தது. முன்பகுதியில் வைத்தவர்களுக்கு இது அப்படியே மாறி நடந்தது. ஒரு பக்கம் கொடுத்து இன்னொரு பக்கம் எடுத்துக்கொண்டது. நீட் தேர்வில் உனக்கு வேண்டியது இரண்டும், தம்பி. படித்ததும் ஏற வேண்டும், மூன்று மணி நேரத்தில் யோசிக்காமல் கைக்கும் வர வேண்டும். ஆரோக்கியமான மூளைக்கு வீட்டில் கரண்ட் வைத்துத் தேர்வில் மதிப்பெண் கூடியதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. உன் வயதில் மூளையின் முன்பகுதி இன்னும் வளர்ந்து முடியவில்லை. அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் என்ன நடந்தது என்று தெளியும்வரை, அம்மாவின் ரத்தத்தில் வந்த உனக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதே காரணத்துக்காக, ராத்திரி இரண்டு மணி வரை படித்துவிட்டு ஐந்துக்கு எழும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடு. தூக்கத்தில்தான் படித்தது நிற்கிறது.

ஐயா, இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் அந்தப் பத்து நாளைப் பற்றி ஞாபகம் வரும் அத்தனையும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன பேசினார், கோபம் கூடியதா, அதற்குப் பின் எப்போதாவது இரண்டு மூன்று நாள் அளவிலாவது அப்படி வந்ததா. அம்மாவிடம் கேளுங்கள், பிள்ளை பெற்ற வீட்டில் கூட இருந்தவர் அவர்தான். மனைவியின் அம்மா வீட்டில், யாராவது ஒரு மாமா, சித்தி 'ஒரு மாதிரி' இருந்ததாகச் சொல்வார்களா என்றும் விசாரியுங்கள். 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது' என்பதை நான் கேட்காத நாளில்லை, விசாரித்தால் பாதிப் பேருக்கு ஒரு பெயராவது வரும். அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 பரிசோதனை இந்த இரண்டு வருடத்தில் செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள்.

ராத்திரி மாத்திரையான குளோனசெபத்தைப் பற்றியும் பேசுங்கள். அந்த வகை மாத்திரைகள் இந்தக் கரண்டின் பலனை மட்டுப்படுத்தலாம் என்று கருத இடம் இருக்கிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முற்றிலும் போகும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பைபோலார் என்று முடிவாகி, மனநிலையைச் சமன்படுத்தும் கார்பமாசிபைன் மாத்திரை எழுதினால், அதுவும் இந்தக் கரண்டின் விளைவை அமுக்கக்கூடியது என்பதை நினைவூட்டுங்கள். கடைசியில் டி.டி.சி.எஸ். எடுப்பது என்று ஆனால், தொடங்கும் முன் ஒரு அளவுகோலில் அவர் சோர்வை எண்ணால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பத்தாவது சிட்டிங்கில் மறுபடி, இருபதாவதில் மறுபடி. 'பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவீர்கள்?' என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இடையில் தூக்கம் குறைந்தும் அவர் சோர்வில்லாமல் இருந்தால், பேச்சு வேகமெடுத்தால், அன்றைய சிட்டிங்கை எடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 'நான் இருந்து என்ன' என்ற பேச்சு அவர் வாயில் வந்தால் நாள் கடத்தாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், செலவில்லை. அதோடு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னும் ஒன்று என் மனதில் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் மருத்துவர் என்ன சொன்னார், அம்மா என்ன சொன்னார், மச்சான் என்ன சொன்னார், மகன் என்ன சொன்னான் என்று எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. கரண்ட் வைத்துக்கொள்ளப்போகும் தலை அவருடையது, சம்மதக் கையெழுத்தும் அவருடையது. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாள் தனக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் யாராவது இதுவரை கேட்டிருக்கிறார்களா? கேளுங்கள். நோட்டின் முதல் பக்கத்தை அவர் கைப்படவே எழுதட்டும்.